4294967297க்குள் ஒரு கோயமுத்தூர் பின்கோடு: பெரிய எண்ணைக் கையாலேயே பிரித்துப் பார்க்கும் செய்முறை

கோயமுத்தூர், திருப்பூர் பக்கம் முகவரி எழுதுகிறவர்களுக்கு 641 கை பழகிய எண். கோயமுத்தூர் தலைமைத் தபால் நிலையம் 641001, மேட்டுப்பாளையம் 641301, திருப்பூர் 641601. இதே 641தான் 4294967297 என்ற பத்து இலக்க எண்ணை மீதியே இல்லாமல் வகுக்கிறது. அஞ்சல் துறை பின்கோடு கொண்டுவந்தது 1972 ஆகஸ்ட் 15 அன்று. அதற்கு 240 வருஷம் முன்பே, 1732இல், லியோனார்ட் ஆய்லர் இந்த 641ஐக் கண்டுபிடித்து ஒரு பெரிய ஊகத்தைச் சாய்த்துவிட்டார்.

ஒரு பெரிய எண்ணைக் கையில் கொடுத்து "இதன் பண்புகளைச் சொல்" என்றால் எங்கிருந்து தொடங்குவது, எதை எல்லாம் செய்யாமல் விடலாம் என்பதை இந்த ஒரே எண்ணை வைத்துச் சொல்லப் போகிறேன். பகா எண், காரணி, மீ.பொ.வ. எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். பத்தாம் வகுப்பு மட்டு எண்கணிதம் லேசாக ஞாபகம் இருந்தால் போதும்.

முதலில் கருவிகள்

தாள், பேனா, 12 இலக்கக் கால்குலேட்டர். நூல் கடையிலும் பனியன் கம்பெனி மேசையிலும் கிடக்குமே, அதேதான். 8 இலக்கக் கால்குலேட்டர் வேலைக்கு ஆகாது; எண்ணே உள்ளே போகாது.

கால்குலேட்டரில் மீதிக்குத் தனிப் பொத்தான் கிடையாது. 65536ஐ 641ஆல் வகுத்தால் 102.24 என்று ஏதோ வரும். அந்த 24 மீதி அல்ல. புள்ளிக்கு முன்னால் உள்ள 102ஐ மட்டும் எடுங்கள், 641ஆல் பெருக்குங்கள், 65382 வரும். 65536இலிருந்து கழித்தால் 154. அதுதான் மீதி. கீழே இதையேதான் திரும்பத் திரும்பச் செய்யப் போகிறோம்.

எக்செல் எனக்கு இந்த வேலைக்குப் பிடிக்காது. பழைய பதிப்புகளில் மீதி காணும் சூத்திரத்துக்கு ஒரு வரம்பு உண்டு: வகுக்கும் எண்ணை 134217728ஆல் பெருக்கி வரும் தொகை நம் எண்ணைத் தாண்டாவிட்டால் விடைக்குப் பதில் பிழைதான் காட்டும். அதாவது 4294967297ஐ 3ஆல் வகுத்தால் பிழை, 31ஆல் வகுத்தாலும் பிழை, 37இலிருந்து சரியாக வேலை செய்யும். முதல் பத்துப் பகா எண்களுக்கு மேல் பிழை வந்தால் யாருக்குத்தான் ஓடும்?

கணினிதான் வேண்டும் என்றால் என் ஓட்டு பைத்தானுக்கு. எண் எவ்வளவு பெரிதானாலும் விழுங்கிக்கொள்ளும், ஃபோனிலேயே ஓட்டலாம். சி மொழியில் எழுதுகிறவர்கள் ஜாக்கிரதை. நம் எண் 2³²ஐ விடச் சரியாக ஒன்று அதிகம். 32 பிட் முழு எண்ணுக்குள் இதைத் திணித்தால் மேலே உள்ளது அத்தனையும் போய் வெறும் 1 மிஞ்சும். நிரலும் கூச்சமே இல்லாமல் 1இன் காரணிகளைத் தேடிக்கொண்டிருக்கும். 64 பிட் வகையைப் போடுங்கள்.

படி 1: எண்ணின் உருவத்தைப் பாருங்கள்

சின்னச் சோதனைகள் ஒரு நிமிஷ வேலை. கடைசி இலக்கம் 7, ஆக 2ம் 5ம் இல்லை. இலக்கங்களின் கூட்டல் 59, ஆக 3 இல்லை. 7, 11, 13 மூன்றுக்கும் ஒரே சோதனை: வலப்பக்கத்திலிருந்து மூன்று மூன்று இலக்கமாகப் பிரித்து மாற்றி மாற்றிக் கழித்துக் கூட்டுங்கள். 297 − 967 + 294 − 4 = −380. 380ஐ 7, 11, 13 எதுவும் வகுக்காது. மூன்றும் போச்சு.

இதே வேகத்தில் 17, 19, 23 என்று போய்க்கொண்டே இருக்கலாம் என்று தோன்றும். போகாதீர்கள். வர்க்கமூலம் 65536ஐ ஒட்டி இருக்கிறது, அதற்குள் 6542 பகா எண்கள் இருக்கின்றன. எண் எப்படிப் பிறந்தது என்று கேட்பதுதான் குறுக்கு வழி. இது 2³² + 1.

இந்த உருவத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 2ஐ எடுத்து வர்க்கப்படுத்திக்கொண்டே போய் ஒவ்வொரு முறையும் 1 கூட்டினால் 3, 5, 17, 257, 65537 என்று வரும். ஐந்துமே பகா எண்கள். 1640இல் பியர் டி ஃபெர்மா, இந்த வரிசை முழுக்கப் பகா எண்தான் என்று நம்புவதாகக் கடிதம் எழுதினார்; நிரூபணம் கையில் இல்லை என்றும் ஒப்புக்கொண்டார். அடுத்தது நம் 4294967297. கணிதர் கோல்ட்பாக் ஃபெர்மாவின் இந்த ஊகத்தைப் பற்றி ஆய்லரிடம் கேட்டு எழுதிய கடிதத்தின் தேதி 1729 டிசம்பர் 1. டாக்சி எண் 1729ஐப் பிரபலமாக்கிய, ஈரோட்டில் பிறந்த ராமானுஜனை நினைக்காமல் அந்த வருஷத்தைப் படிக்க முடியுமா! வெறும் தற்செயல்தான், இருந்தாலும் சொல்லாமல் விட மனசு வரவில்லை.

படி 2: யார் வகுக்க முடியும் என்று முன்கூட்டியே வடிகட்டுங்கள்

இந்தப் படிதான் உயிர். மெதுவாகப் போவோம்.

நம் எண்ணை மீதியில்லாமல் வகுக்கும் ஒரு பகா எண்ணுக்கு ‘ப’ என்று பெயர் வைப்போம். பவால் வகுக்கும்போது 2³² + 1 மீதி 0 தருகிறது என்றால், 2³² மட்டும் −1 தருகிறது என்று அர்த்தம். (மீதி −1 என்றால் ப−1 என்பதும் அதுவும் ஒன்றே.) இரண்டு பக்கமும் வர்க்கப்படுத்தினால் 2⁶⁴ தரும் மீதி 1.

இப்போது 2, 4, 8, 16 என்று அடுக்குகளை எழுதி, ஒவ்வொன்றும் தரும் மீதியைக் கீழே குறித்துக்கொண்டே போனால் ஓரிடத்தில் 1 வரும். அங்கிருந்து மீதிகள் முதலிலிருந்து அப்படியே திரும்பும். இந்தச் சுற்று எவ்வளவு நீளம்? 64ஆவது இடத்தில் 1 வருவதால் நீளம் 64ஐ வகுக்க வேண்டும். 1, 2, 4, 8, 16, 32, 64 இவற்றில் ஒன்று.

பலரும் நின்றுபோகும் இடம் இது. புத்தகங்கள் "ஆகவே நீளம் 64" என்று ஒரே வரியில் தாண்டிப் போய்விடும். ஏன் 16ஆக இருக்கக் கூடாது? 16 என்றால் 16, 32, 48, 64 எல்லா இடத்திலும் 1 வர வேண்டும். ஆனால் 32ஆவது இடத்தில் நாம் பார்த்தது −1. 1ம் −1ம் ஒரே மீதியாக இருப்பது பவின் மதிப்பு 2 என்றால் மட்டும்தான். நம் எண்ணோ ஒற்றைப்படை. 1, 2, 4, 8, 16, 32 எல்லாமே 32ஐ வகுப்பவை, ஆகவே ஆறுக்கும் இதே கதி. மிஞ்சுவது 64 மட்டும்.

நம்பிக்கை வரவில்லையா, 17ஐ வைத்துப் பாருங்கள். அது 2⁴ + 1. 17ஆல் வகுக்கும்போது 2இன் அடுக்குகள் தரும் மீதிகள்: 2, 4, 8, 16, 15, 13, 9, 1. நாலாவது இடத்தில் 16, அதாவது −1. எட்டாவது இடத்தில் 1. சுற்று நீளம் 8, நாலின் இரட்டிப்பு. நம் எண்ணில் 32இன் இரட்டிப்பு 64. அதே கதைதான்.

அடுத்து ஃபெர்மாவின் சிறு தேற்றம்: 2இன் ப−1ஆவது அடுக்கைப் பவால் வகுத்தால் மீதி 1. சுற்று 64 நீளம் என்பதால் 1 வருவது 64இன் மடங்குகளில் மட்டுமே. ஆகவே ப−1 என்பது 64இன் மடங்கு. ப = 64க + 1 (க ஏதோ ஒரு முழு எண்).

ஃபெர்மா இந்தத் தேற்றத்தை எழுதியதும் அதே 1640இல்தான். தன் ஊகத்தை உடைக்கும் உளியைத் தானே செய்து வைத்துவிட்டு, அதைக் கையில் எடுக்காமலே போயிருக்கிறார்.

கவுக்கு 1, 2, 3 என்று போடுங்கள்: 65, 129, 193, 257, 321, 385, 449, 513, 577, 641. இதில் 65, 129, 321, 385, 513 பகு எண்கள். மிச்சம் ஐந்தே ஐந்து: 193, 257, 449, 577, 641.

படி 3: 2³²ஐ எழுதாமலே மீதி காணுங்கள்

ஈரோட்டு மஞ்சள் மண்டியில் மூட்டை கட்டின பிறகு தரையில் மிஞ்சியதை மட்டும் அடுத்த குவியலோடு சேர்ப்பார்களே, அப்படித்தான். ஒவ்வொரு கட்டத்திலும் முழு மடங்குகளைக் கழித்துவிட்டு மீதியை மட்டும் வைத்துக்கொண்டு வர்க்கப்படுத்துங்கள். எண் எப்போதும் கைக்குள் இருக்கும்.

641க்குச் செய்வோம். 2ஐ வர்க்கப்படுத்த 4, பிறகு 16, பிறகு 256. இதுவரை 641ஐத் தாண்டவில்லை. 256இன் வர்க்கம் 65536. மேலே பார்த்தபடி மீதி 154. இது 2¹⁶. இன்னும் ஒரே ஒரு முறை: 154 × 154 = 23716. 641 × 36 = 23076. மீதி 640. இது 2³². ஒன்று கூட்டினால் 641. மீதி 0.

அவ்வளவுதான். 32 அடுக்கு என்று பயமுறுத்திய எண் ஐந்து வர்க்கத்தில் முடிந்தது. பைத்தானில் இதைச் செய்யும் செயல்கூறு பவ், ஆங்கிலத்தில் மூன்றெழுத்து (pow). பவ்(2, 32, 641) என்று கேட்டால் 640 என்று சொல்லும். முதலில் அடுக்கைக் கண்டுபிடித்துவிட்டு அப்புறம் மீதி கேட்காதீர்கள், மூன்று எண்ணையும் ஒன்றாகக் கொடுங்கள். சின்ன எண்ணில் வித்தியாசம் தெரியாது, பெரிய எண்ணில் ஃபோன் நின்றுவிடும்.

மற்ற நான்கையும் இதே மாதிரி செய்தால் மொத்த எண்ணின் மீதி 193க்கு 109, 257க்கு 2, 449க்கு 325, 577க்கு 288. உங்கள் தாளில் வேறு வந்தால் வர்க்கத்தில் எங்கோ கை தவறியிருக்கிறது.

இன்னொரு வழியும் இருக்கிறது, வர்க்கமே வேண்டாம். 640 = 5 × 2⁷. 641 = 5⁴ + 2⁴, அதாவது 625 + 16. முதலாவதின்படி 5 × 2⁷ தரும் மீதி −1. அதை நாலாம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸ தரும் மீதி 1. இரண்டாவதின்படி 5⁴ என்பதும் −2⁴ என்பதும் ஒன்றே. மாற்றிப் போட்டால் −2³² தரும் மீதி 1. ஆகவே 2³² + 1 தருவது 0. அழகுதான், ஆனால் விடை தெரிந்த பிறகுதான் இது தோன்றும். தேடுகிறவருக்கு மேலே உள்ள வழிதான் சோறு போடும்.

படி 4: மிஞ்சியதும் பகா எண்ணா?

4294967297 ÷ 641 = 6700417. இதோடு நிறுத்திவிட்டால் வேலை பாதிதான். 6700417 இன்னும் உடையுமா என்று பார்க்க வேண்டும்.

இதை வகுப்பது எதுவானாலும் நம் பழைய எண்ணையும் வகுக்கும். ஆகவே அதே வடிகட்டி இங்கேயும் செல்லும். பிரெஞ்சுக் கணிதர் லூகாஸ் 1878இல் வடிகட்டியை இன்னும் இறுக்கினார்: 64க + 1 இல்லை, 128க + 1. (ப−1ஐ 8 வகுப்பதால் பவின் மீதிகளில் 2க்கு ஒரு வர்க்கமூலம் இருக்கும், அந்த மூலத்தின் சுற்று 128 நீளம்.) வர்க்கமூலம் 2588 சொச்சம். அதற்குள் 128க + 1 உருவத்தில் உள்ள பகா எண்கள் 257, 641, 769, 1153, 1409 மட்டும். 257 ஏற்கெனவே தோற்றுவிட்டது. மற்ற நான்கால் வகுத்தால் 6700417 தரும் மீதிகள் 44, 120, 334, 622. எதுவும் 0 இல்லை, ஆகவே 6700417 பகா எண். நாலு வகுத்தலில் ஏழு இலக்க எண்ணுக்குத் தீர்ப்பு!

படி 5: இனி எல்லாப் பண்பும் தானாக விழும்

வகுத்திகள் நான்கு: 1, 641, 6700417, 4294967297. அவற்றின் கூட்டல் 642 × 6700418 = 4301668356. தன்னை விட்டுவிட்டு மற்ற மூன்றைக் கூட்டினால் 6701059 மட்டுமே, எண்ணை விட ரொம்பக் குறைவு. 6, 28 போன்ற நிறைவெண் வரிசைக்குப் பக்கத்திலேயே வராது. இந்த எண்ணோடு பொதுக் காரணி இல்லாத சிறிய எண்கள் எத்தனை என்பது ஆய்லரின் சார்பு: 640 × 6700416 = 4288266240. இரண்டு பகா எண்களின் பெருக்கல், வர்க்கக் காரணி எதுவும் இல்லை. இவற்றைப் பற்றிப் பேச அதிகம் இல்லை.

பேச வேண்டியது இரண்டு வர்க்கங்களின் கூட்டல். 4ஆல் வகுத்தால் மீதி 1 வரும் பகா எண்ணை இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக ஒரே ஒரு விதத்தில் எழுதலாம். 641 = 25² + 4². 6700417 = 2556² + 409². இப்போது நாலு பெருக்கல் போடுங்கள்:

25 × 409 = 10225
4 × 2556 = 10224
25 × 2556 = 63900
4 × 409 = 1636

முதல் இரண்டின் வித்தியாசம் 1. கடைசி இரண்டின் கூட்டல் 65536. 65536² + 1² = 2³² + 1. நம் எண்ணே வந்துவிட்டது! 10225க்கும் 10224க்கும் நடுவே உள்ள அந்த ஒன்றைப் பாருங்கள். எண்ணின் கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் + 1 அதுதான்.

கூட்டலையும் கழித்தலையும் இடம் மாற்றுங்கள். 10225 + 10224 = 20449. 63900 − 1636 = 62264. 20449² = 418161601, 62264² = 3876805696. இரண்டையும் கூட்டினால் மறுபடி 4294967297. ஆக, இந்த எண்ணை இரண்டு விதமாக எழுத முடிகிறது. பகா எண்ணாக இருந்தால் இரண்டாவது விதம் இருக்கவே முடியாது. 641 என்ற பெயரையே சொல்லாமல், இந்த இரண்டு கூட்டல்களை மட்டும் காட்டி இது பகா எண் அல்ல என்று வாதாடலாம்.

காரணியையும் இதிலிருந்தே எடுக்கலாம். 65536 − 62264 = 3272; 20449 − 1 = 20448; இவற்றின் மீ.பொ.வ. 8. 65536 + 62264 = 127800; 20449 + 1 = 20450; மீ.பொ.வ. 50. இரண்டையும் பாதியாக்குங்கள்: 4, 25. 4² + 25² = 641. யூக்ளிடின் வழிமுறையைப் பத்தாம் வகுப்பில் எதற்குப் படித்தோம் என்று கேட்பவர்களிடம் இதைக் காட்டுவேன்.

பிற்சேர்க்கை

பதிவு வந்த பிறகு திருப்பூரிலிருந்து ஒரு தம்பி எழுதியிருந்தார்: "ஏனுங்ணா, பைத்தான்ல பவ்(2, 4294967296, 4294967297) போட்டா 1 வருதுங்க. அப்ப இது பகா எண்தானுங்களே?" நல்ல கேள்விங்க தம்பி. சிறு தேற்றத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பகா எண் சோதனையாக வைத்தால் மாட்டும் பொறி இது. 2⁶⁴ தரும் மீதி 1 என்று மேலேயே பார்த்தோம். 4294967296 என்பது 64இன் மடங்கு. ஆகவே 1 வந்தே தீரும், எண் பகா எண்ணோ இல்லையோ. ஃபெர்மா வரிசை எண் எதற்கும் 2ஐ அடிப்படையாக வைத்துச் சோதிப்பது வீண். 3ஐப் போடுங்கள்: பவ்(3, 4294967296, 4294967297) தருவது 3029026160. 1 இல்லை, ஆகவே பகா எண் இல்லை.

பின்கோடுகளைப் பற்றியும் கேட்டிருந்தார்கள். கொங்கு வட்டாரத்து முதல் மூன்று இலக்கங்களில் நாமக்கல் 637 = 7 × 7 × 13, ஈரோடு 638 = 2 × 11 × 29, கரூர் 639 = 9 × 71, பொள்ளாச்சி 642 = 2 × 3 × 107. பகா எண் 641 மட்டும். மலை ஏறினால் ஊட்டி 643, அதுவும் பகா எண். இரண்டும் இரட்டைப் பகா எண்கள் (வித்தியாசம் 2), நடுவில் பொள்ளாச்சி. பொள்ளாச்சிக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். எந்த இரட்டைக்கும் நடுவில் நிற்பது (3, 5 தவிர) 6இன் மடங்குதான்.

"நேராக விடை மட்டும் வேண்டும்" என்பவர்கள் ஃபோனில் டெர்மக்ஸ் (லினக்ஸ் கட்டளைகளை ஓட்டும் செயலி) போட்டு, ஃபேக்டர் (factor) என்ற கட்டளைக்குப் பக்கத்தில் எண்ணைக் கொடுங்கள். இரண்டு காரணியும் உடனே வரும்.

வீட்டு வேலை

வரிசையில் அடுத்த எண் 2⁶⁴ + 1 = 18446744073709551617. எக்செல்லில் போட்டால் 15 இலக்கத்துக்கு மேல் பூஜ்யமாகிவிடும், ஆகவே பைத்தான். இங்கே சுற்று 128 நீளம், தேட வேண்டியது 128க + 1. கவை 1இலிருந்து ஏற்றிக்கொண்டே போய், 2இன் 64ஆவது அடுக்கு தரும் மீதி 128கவாகவே வந்தால் நிறுத்தச் சொல்லுங்கள். க = 2142இல் நிற்கும்; காரணி 274177, மற்றது 67280421310721. லூகாஸின் இறுக்கமான வடிகட்டியான 256க + 1ஐப் போட்டால் தேடல் பாதியாகும், 1071இலேயே நிற்கும். 1880இல் இதை பிரெஞ்சுக் கணிதர் லாண்ட்ரி கையால் உடைத்தபோது அவருக்கு வயது 82.